ஆளில்லாத வார்த்தை

என் நாத்தனாரின் வலது கை உருளையில் மாட்டிக்கொண்ட மறுவாரமே எங்கள் சலவைக் கம்பெனி அதிரடியாக ஒரு நடவடிக்கை எடுத்தது. தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஓர் ஆங்கில வார்த்தையைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தது.

உருளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்து வரும் படுக்கை விரிப்புகள் துவைத்த ஈரத்தோடு எங்கள் கைக்கு வரும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, ஆவியில் கொதிக்கிற இரும்பு உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். உருளையின் வாய்க்கு முன்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த கம்பி ஒன்று குறுக்கே இருந்தது. அதில் விரல் பட்டால் போதும், மெஷின் நின்றுவிடும். தடித்த ஓரம் வைத்துத் தைத்த விரிப்பு பட்டாலும் நின்றுவிடும். இந்த இரண்டாவது விஷயம் எங்கள் மானேஜருக்குப் பொறுக்கவில்லை.

"விரல் எது, விரிப்பு எதுன்னு தெரியாத கம்பி எதுக்கு? கழட்டி வீசுங்கய்யா" என்றார் ஒருநாள், எல்லோர் முன்னாலும்.

கழற்றினார்கள். அதற்கப்புறம் அந்த மெஷின் நிற்கவே இல்லை. என் நாத்தனாரின் கை உள்ளே போனபோதும் நிற்கவில்லை. எதிர் முனையில் விரிப்பைப் பிடித்திருந்த நான்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தேன். அந்த ஓட்டம் இப்போதும் என் கால்களில் இருக்கிறது.

எனக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பதையும் மறைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அவர் அக்கா. எனக்கும் அக்கா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். நான் விரிப்பை மடிக்கிற விதத்தில் தொடங்கி நான் மூச்சு விடுகிற விதம் வரைக்கும் அவருக்குக் குறை உண்டு. ஆனால் குறை சொல்ல ஒரு நாத்தனார் இரண்டு கையோடு இருக்க வேண்டாமா?

சரி, வார்த்தை விஷயத்துக்கு வருகிறேன். விபத்து நடந்த மறுநாள் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். "ஏன் சரக்கு லேட்?" என்று வாசலில் நின்ற லாரி டிரைவரிடம் கேட்டார். டிரைவர் என் வீட்டுக்காரர். அவருக்கு வாயில் பூட்டு கிடையாது. "கம்பியக் கழட்டுனாங்க சார், எங்கக்கா கை போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவரை லாரியிலிருந்து இறக்கிக் கொதிகலன் அறைக்கு அனுப்பினார்கள். மானேஜர் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"நம்ம ஆளுங்ககிட்ட உழைப்பு இருக்கு, விசுவாசம் இருக்கு. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். மொழி! மொழி இல்லாததாலதான் நடந்ததை அப்படியே சொல்லிடறீங்க. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. உங்களுக்கு யாரும் கத்துக்கொடுக்கல."

இப்படியாக மொழி மேம்பாட்டுப் பிரிவு உதயமானது. மேல்மாடியில் சோப்புத் தூள் மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, நாற்காலி போட்டு, ஓர் அதிகாரியையும் உட்காரவைத்தார்கள். வெளுத்த சேலை, வெளுக்காத கோபம். முதல் நாளே அவருக்கு அகராதி என்று பெயர் வைத்துவிட்டோம். யாருக்காவது அகராதி பிடித்தவர் என்று சொல்லத் தோன்றினாலும் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளலாம், அந்த வசதிக்காக.

முதல் வகுப்புக்கு நாங்கள் போனபோது சுவரில் ஒரு துணித் திரை தொங்கியது. அதில் முழம் முழமான எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. அகராதி அதைக் குச்சியால் தட்டினார்.

"அன்ஃபார்ச்சுனேட்லி. எல்லாரும் சொல்லுங்க."

சொன்னோம். ஆவியில் வேலை செய்து வறண்ட தொண்டைகளுக்கு அது கொஞ்சம் நீளமான வார்த்தைதான். ஆனால் என் கண் வார்த்தையில் இல்லை. திரை தொங்கிக்கொண்டிருந்த கம்பியில் இருந்தது. மஞ்சள் பெயிண்ட். ஒரு முனையில் நாத்தனார் வளையல் உரசி உரசிப் பெயிண்ட் போன இடம்.

"மேடம், அது எங்க மெஷினோட கம்பி" என்றேன்.

"அப்படியா?" என்று அகராதி நிமிர்ந்து பார்த்தார். "அதான் இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு. நல்ல வேளை, வீணாப் போகாம இங்க உபயோகப்படுது. சரி, பாடத்துக்கு வாங்க. இந்த வார்த்தைக்கு அர்த்தம், துரதிர்ஷ்டவசமாக."

"யாரோட துரதிர்ஷ்டம் மேடம்?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். அகராதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கேட்டது அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி போலிருக்கிறது.

"அங்கதான் இந்த வார்த்தையோட அழகே இருக்கு. இது யாரோடதும் இல்ல! பொதுவானது. நல்லாப் பாருங்க, இதுக்குள்ள ஆளே கிடையாது. மானேஜர் இல்ல, சூப்பர்வைசர் இல்ல, மெஷின் இல்ல. ஒரு வாக்கியத்துக்கு முன்னாடி இதைப் போட்டுட்டீங்கன்னா, பின்னாடி வர்றது எல்லாமே மழை வெயில் மாதிரி தானா நடந்ததா ஆயிடும். இவ்ளோ சக்தி வாய்ந்த வார்த்தை நம்ம மொழியில இருக்கா? இல்ல. நம்ம மொழியில எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் உள்ள வந்து நிப்பாங்க. அதான் நம்ம பின்தங்கி இருக்கோம்."

அடுத்து பயன்பாடு. வார்த்தை எப்போதும் முதலில் வர வேண்டும். சொன்னதும் ஒரு மூச்சு. தலை ஒருபக்கமாகச் சாய வேண்டும், ஆனால் தூங்குகிற மாதிரி இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கக் கூடாது, சட்டைக் காலரைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, வாக்கியத்தில் எங்கேயும் 'ஏன்னா' வரக் கூடாது.

"மேடம், மீதி வாக்கியத்தையும் இங்கிலீஷ்ல சொல்லணுமா?" என்று மடிப்புப் பிரிவு பெண் ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள்.

"வேணாம் வேணாம். இந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷ்ல இருந்தாப் போதும். அதைக் கேட்டதும் மீதிய யாரும் காதுல வாங்க மாட்டாங்க."

அதற்கப்புறம் எங்கள் பிழைப்பு நாறிப்போனது. ஒவ்வொரு தளத்திலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். மணிக்கு ஒருதரம் அதில் அகராதியின் குரல் உதாரண வாக்கியங்களை ஓதியது. அன்ஃபார்ச்சுனேட்லி, உங்கள் தலையணை உறைகள் பச்சையாகிவிட்டன. அன்ஃபார்ச்சுனேட்லி, உங்கள் துண்டுகள் வேறொரு ஓட்டலில் இருக்கின்றன. உருளையின் முன்னால், கம்பி கழற்றிய கொக்கிகள் இரண்டும் சும்மாதானே இருக்கின்றன என்று, அதே வார்த்தையை எழுதிய அட்டையை அங்கேயும் மாட்டிவைத்தார்கள். என்னோடு எதிர் முனை பிடிக்க வந்த புதுப் பெண் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா? கை பட்டா நிக்குமா?" என்று கேட்டாள். நிற்காது என்று சொன்னேன்.

வீடு வரைக்கும் வந்தது வினை. ஒருநாள் காலையில் டீ எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, தலையைச் சாய்த்து, அவர் பனியனைப் பார்த்து, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். என் வாய் தானாகச் சொல்லியது. அவரே எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்று முழுக்க எனக்கு அவமானமாக இருந்தது.

தீ விபத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உலர்த்தும் மெஷினின் பின்பக்கம் பஞ்சு சேர்ந்து ஒருநாள் பற்றிக்கொண்டது. பார்த்தவர் உலர்த்துகிற பிரிவின் பழைய ஆள். முன்பென்றால் "தீ! தீ!" என்று கத்தியிருப்பார். ஆனால் அந்த வார்த்தை இல்லாமல் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று அந்த வாரம்தான் உத்தரவு. மனிதர் நிமிர்ந்து நின்று, தலையைச் சாய்த்து, சூப்பர்வைசரின் காலரைத் தேடி, "அன்ஃபார்ச்சுனேட்லி" என்று தொடங்கி, மூச்சு விட்டு, விஷயத்துக்கு வருவதற்குள் ஓட்டல் துண்டுகள் பாதி கருகிவிட்டன. மூச்சை விடாமல் சொல்லியிருந்தால் கால்வாசியோடு போயிருக்கும்.

மானேஜர் ஓடிவந்தார். அந்தப் பழைய ஆளின் வேலையே போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். மானேஜர் அவருக்குக் கைகொடுத்தார்!

"பாத்தீங்களா? எவ்ளோ நிதானம்! பதட்டத்துலயும் மூச்சு விட்டார் பாருங்க. துண்டு போனாப் போகட்டும், துண்டு வாங்கிக்கலாம். பண்பாட்டை வாங்க முடியுமா?"

சிறந்த பயன்பாட்டுக்கான கேடயத்தை அந்த ஆளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு புருவமும் கருகிப்போன முகத்தோடு அவர் அதை வாங்கிக்கொண்டார்.

பிறகு தேர்வு வந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் முன்வாசல் கவுண்டரில் உட்காரலாம்; மின்விசிறி உண்டு, ஆவி கிடையாது. தவறியவர்கள் கறைத் துணி ஊறப்போடும் அறைக்குப் போக வேண்டும். முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். மானேஜர் அறையில் அகராதியும் இருந்தார்.

"உங்க நாத்தனாருக்குக் கம்பெனி ஒரு தகவல் சொல்ல வேண்டியிருக்கு" என்றார் மானேஜர். "விபத்து துரதிர்ஷ்டவசமானது. அதனால வைத்தியச் செலவு கம்பெனியைச் சேராது, வேலையும் இல்ல. இதை முறைப்படி ஒரு வாக்கியத்துல சொல்லிட்டா ஃபைல் மூடியாச்சு. உங்க தேர்வுல நீங்க சொல்லப்போறது அந்த வாக்கியம்தான்."

"நானா? எங்க அக்காகிட்டயா?"

"அதான் விசேஷமே. சொந்தக்காரங்களே சொல்லிட்டா, அப்புறம் யாரு யாருக்கு வேணா சொல்லலாம். வெளியிலேருந்து தேர்வாளர் வர்றார். எல்லாத் தளத்துக்கும் ஒலிபரப்பறோம். இது ஒரு முன்மாதிரி."

"உங்க வீட்டுக்காரரையும் திரும்ப லாரிக்கு மாத்தறதைப் பத்தி யோசிக்கலாம்" என்று அகராதி ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் நாத்தனாருக்கு இரண்டு விரலாவது மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனி தன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும். எங்களுக்குக் கட்டுப்படியாகிற காரியம் இல்லை. நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அந்த இரண்டு விரலும் அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தலை வாரப் பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது.

"சொல்லிட்டுப் போ. உன் வேலையாவது தங்கட்டும். என் தம்பிக்கு லாரியாவது கிடைக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாழ்நாளெல்லாம் என்னைக் குறை சொன்ன மனுஷி ஒரேயடியாகப் பெருந்தன்மை காட்டினால் யாருக்குத் தாங்கும்?

"சீப்பைக் குடுங்க இப்படி" என்று பிடுங்கி நானே வாரிவிட்டேன். முடியை இழுக்கிறேன் என்று குறை சொன்னார். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தேர்வு நாளன்று மேல்மாடி அறையில் மேஜை, மைக். கீழே மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரையில் அதிர்ந்தது. வெளித் தேர்வாளர் கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். மொழியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நடப்பதாக அவருக்குத் தகவல் இல்லை. மானேஜர் ஒருபக்கம், அகராதி ஒருபக்கம். எதிர் நாற்காலியில் நாத்தனார், 'கேட்பவர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் சுவரில் மஞ்சள் கம்பி, திரை, வார்த்தை.

மானேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு உரையாற்றினார். "இன்னைக்கு ஒரு பொன்னாள். நம்ம கம்பெனியில இனிமே விபத்து நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். நடக்கும். ஆனா அழகாச் சொல்லப்படும்."

அகராதி கைதட்டினார். தேர்வாளர் என்னைப் பார்த்து, "ஆரம்பிக்கலாம்மா. வார்த்தையை வாக்கியத்துல அமைச்சுச் சொல்லுங்க" என்றார்.

தலையைச் சாய்த்தேன். காலரைப் பார்க்க வேண்டும்; நாத்தனாரின் சேலையில் காலர் இல்லை. கட்டுப் போட்ட கை கண்ணில் பட்டது. நிமிர்ந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். அழக் கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"அன்ஃபார்ச்சுனேட்லி" என்று மைக்கில் சொன்னேன். மூச்சு விட்டேன். கீழே ஒலிபெருக்கிகள் அந்த மூச்சையும் சேர்த்துச் சொல்லின. "மானேஜர் கம்பியக் கழட்டச் சொன்னப்போ நாங்க எல்லாரும் அங்கதான் நின்னுட்டிருந்தோம்."

தேர்வாளர் தாளில் ஏதோ குறித்தார்.

"பிரமாதம். இடம் சரி, மூச்சு சரி. முழு மார்க்" என்றார்.

"ஐயா, அர்த்தத்தைப் பாருங்க!" என்று அகராதி பதறினார்.

"அர்த்தமும் சரியாத்தானே இருக்கு? சிலருக்குத் துரதிர்ஷ்டம்தான் போலிருக்கே" என்றார் அவர், அப்பாவியாக. பிறகு என்னைப் பார்த்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"சொல்லணும். அன்ஃபார்ச்சுனேட்லி, அந்தக் கம்பி இந்த ரூம்ல திரை மாட்ட உபயோகப்படுது."

அப்போதுதான் காலடியில் அதிர்வு குறைவதைக் கவனித்தேன். கீழே முதலில் உருளை நின்றது. பிறகு பிழியும் மெஷின்கள். கடைசியாகக் கொதிகலன் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. கொதிகலன் பக்கம் நிற்பது என் வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. வாசலில் ஓட்டல் லாரிகள் ஹாரன் அடிப்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். ஆவியில் நனைந்த சட்டைகளோடு எல்லோரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கேடயம் வாங்கிய புருவமில்லாத ஆள் முன்னால் நின்றார்.

"எல்லாரும் கீழ போங்க! சரக்குக் காத்துட்டிருக்கு!" என்று மானேஜர் எழுந்தார்.

"போறோம் சார்" என்றார் புருவமில்லாதவர். "என்ன நடந்ததுன்னு நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறோம்."

மானேஜர் மைக்கைப் பார்த்தார். ஹாரன் சத்தத்தைக் கேட்டார். தொண்டையைச் செருமினார். "அன்ஃபார்ச்சுனேட்லி..."

"அது வேணாம் சார்" என்றார் நாத்தனார். கழுத்து அட்டையை இடது கையால் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது இல்லாம சொல்லுங்க."

"கம்பி கழண்டிருந்தது."

"தானாவா?"

"சரி, கழட்டப்பட்டது."

"யாரால?"

"கழட்ட வேண்டிய ஒரு சூழ்நிலை அன்னைக்கு..."

"சூழ்நிலைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா சார்?"

கதவருகே சிரிப்பு வெடித்தது. என்னிடம் குறை கண்டுபிடித்தே தேறிய கூர்மை அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மானேஜரின் காலர் வியர்வையில் நனைந்துவிட்டது. நாங்கள் யாரும் காலரைப் பார்க்கவில்லை.

"திரும்ப முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் நாத்தனார்.

மானேஜர் சொல்வதற்குள் இன்னும் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"நான்தான்" என்றார். மைக் அதை வாங்கிக் கீழே காலித் தளங்களிலெல்லாம் ஒலிபரப்பியது. "நான்தான் கம்பியக் கழட்டச் சொன்னேன்."

"இது பாடத்துல இல்லையே" என்று தேர்வாளர் தாளைப் புரட்டினார். "ஆனா வாக்கியம் நல்லா இருக்கு."

"இன்னொரு வாக்கியம் பாக்கி இருக்கு" என்று நாத்தனார் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"ஆபரேஷன் கம்பெனி பொறுப்பு. வேலையும் இருக்கு" என்றார் மானேஜர். "நான் சொல்றேன். எழுதியும் தர்றேன்."

அங்கேயே, எல்லோர் முன்னாலும், தேர்வாளரின் பேனாவைக் கடன் வாங்கி எழுதிக்கொடுத்தார். அகராதி எட்டிப் பார்த்தார். வாக்கியத்தின் முதல் வார்த்தை 'நான்' என்று இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் நாற்காலி போட்டு ஏறிச் சுவரிலிருந்து கம்பியை எடுத்தேன். திரை உருவிக்கொண்டு அகராதியின் காலடியில் விழுந்தது.

"அது வகுப்போட சொத்து!" என்றார் அவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே போனோம். உருளையின் முன்னால் மாட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி ஊறல் தொட்டியில் போட்டார் என் வீட்டுக்காரர். கம்பியின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனையை, வளையல் உரசிய முனையை, நாத்தனார் இடது கையால் பிடித்தார்.

"நேராப் பிடி. கோணலாப் பிடிக்கிற. விரிப்பையும் இப்படித்தான் பிடிப்ப" என்றார்.

"ஆமாக்கா, நான் பிடிச்சா எல்லாமே கோணல்தான்" என்றேன். கண் கலங்கியதில் கொக்கி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர்தான் தள்ளி மாட்டினார்.

கொதிகலன் எழுந்தது, ஆவி வந்தது, உருளை சுற்றத் தொடங்கியது. ஓட்டலின் முதல் விரிப்பை எடுத்தோம். தடித்த ஓரம் வைத்தது. கம்பியில் இடித்தது. மெஷின் நின்றது. படிக்கட்டின் மேல் நின்ற மானேஜர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். தளத்தில் இருந்த எல்லோரும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டார்.

அன்று அது எத்தனையோ முறை நின்றது. ஒவ்வொரு முறையும் நாங்கள் விரிப்பை உதறிப் பிடித்து, மெதுவாக மறுபடி ஓடவிட்டோம்.